மலாயா வெள்ளி: மடை யார் கையில் இருந்தது?

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் தமிழர் டாலரை "வெள்ளி" என்றே வழங்கி வந்திருக்கின்றனர். பத்து டாலர் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பத்து வெள்ளி என்பர். அந்த நோட்டில் குன்றிமணி அளவு வெள்ளியும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். மலாய்க்காரர் வழங்கும் "ரிங்கிட்" என்ற சொல்லுக்கு அரம் போன்ற விளிம்பு உடையது என்பது பொருள். ஸ்பானியர் அச்சிட்ட பழைய வெள்ளிக் காசின் ஓரத்தில் இருந்த பற்களைக் கண்டு ஏற்பட்ட பெயர் அது. அந்தக் காசுகள் உருக்கப்பட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. பெயர் மட்டும் இரண்டு மொழியிலும் தங்கிவிட்டது.

மலாயாவின் பொருளாதார வரலாற்றை எழுதுவோர் ஈயத்தையும் ரப்பரையும் துறைமுகங்களையும், கப்பல் கப்பலாக வந்திறங்கிய சீனரையும் தமிழரையும் பற்றி விரிவாக எழுதுவர். பணத்தைப் பற்றிப் பேச வரும்போது மட்டும், இன்ன ஆண்டில் இன்ன நாணயம் போய் இன்ன நாணயம் வந்தது என்று சொல்லி நகர்ந்துவிடுவர். ஆனால் ஒரு நாட்டில் எவ்வளவு பணம் புழங்குகிறது என்பது சின்னஞ்சிறு செய்தியன்று. ஏரி நிறைந்திருந்தாலும் மடை திறந்த அளவே வயலுக்கு நீர் பாயும். புழங்கும் பணம் சுருங்கினால் விலை வீழ்கிறது, வேலை போகிறது, கடன்பட்டவன் முழுகுகிறான். அளவின்றிப் பெருகினால் விலை ஏறுகிறது. கூலி வாங்குபவனும் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்தவனும் முழுகுகின்றனர். மலாயாவில் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் இந்த மடை மலாயா மக்கள் கையில் இருந்ததில்லை. முதலில் அது உலக வெள்ளிச் சந்தையிடம் இருந்தது. பிறகு இலண்டனில் இருந்தது. நடுவில் மூன்றரை ஆண்டு ஜப்பானியப் படையின் அச்சு இயந்திரத்திடம் இருந்தது.

வெள்ளிக் காலம்

1786-ஆம் ஆண்டில் பினாங்கிலும் 1819-ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலும் ஆங்கிலேயர் கால் ஊன்றியபோது, இப்பகுதிக் கடைத்தெருக்களில் புழங்கியது ஸ்பானிய வெள்ளி டாலர். மெக்சிகோ விடுதலை பெற்ற பிறகு அந்நாட்டு டாலர் அதன் இடத்தைப் பிடித்தது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஏடுகளில் ரூபாய்க் கணக்கு எழுதிற்று. வணிகரோ டாலரில் வாங்கி டாலரில் விற்றனர். 1855-ஆம் ஆண்டில் கல்கத்தாவிலிருந்த அரசு ரூபாயை இங்கும் சட்டபூர்வ நாணயமாக்க முனைந்தபோது சிங்கப்பூர் வணிகர் கொதித்தெழுந்தனர். நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசின் பிடியிலிருந்து விலகி 1867 ஏப்ரல் 1-ஆம் நாள் நேரே இலண்டனின் ஆட்சிக்கு மாறியதற்கு இந்த நாணயச் சச்சரவும் ஒரு காரணம். மாறிய அன்றே ரூபாய் சட்டபூர்வ நாணயம் என்ற தகுதியை இழந்தது.

வெள்ளியே பணம் என்ற ஏற்பாட்டில் ஒரு வசதி உண்டு. எந்த அரசும் நினைத்த மாத்திரத்தில் பணத்தைப் பெருக்க முடியாது. ஆனால் வெள்ளி ஒரு பண்டம். அதன் விலை எங்கோ நடப்பவற்றால் ஏறும், இறங்கும். 1870-களில் ஜெர்மனி முதலிய நாடுகள் வெள்ளியைக் கைவிட்டுத் தங்க நாணயத்துக்கு மாறின. அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்து புது வெள்ளி வந்து குவிந்தது. 1870-களின் தொடக்கத்தில் 4 ஷில்லிங்குக்கு மேல் மதிப்புப் பெற்றிருந்த டாலர், 1902-ஆம் ஆண்டு முடிவில் சுமார் 1 ஷில்லிங் 7 பென்ஸ் அளவுக்கு இறங்கிவிட்டது.

இதனால் வாழ்ந்தவரும் உண்டு. ஈயச் சுரங்க முதலாளி தம் ஈயத்தை இலண்டனில் தங்க விலைக்கு விற்றார். கூலியை வெள்ளியில் கொடுத்தார். வெள்ளி இறங்க இறங்க அவருக்கு இலாபம். நொந்தவர்கள் வெள்ளியில் சம்பளம் வாங்கி வெளியூருக்குப் பணம் அனுப்பியவர்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளி அவர்களில் ஒருவன். ரூபாயும் டாலரும் இரண்டுமே வெள்ளியாக இருந்த வரையில், இங்கே சேர்த்த ஒரு டாலர் ஊரில் ஏறத்தாழ இரண்டே கால் ரூபாய் ஆயிற்று. 1893-இல் இந்திய அரசு தன் நாணயச் சாலைகளை வெள்ளிக்கு மூடி, பின்னர் ரூபாயை 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்று தங்கத்தோடு கட்டிவிட்டது. டாலரோ வெள்ளியோடு சேர்ந்து இறங்கிக்கொண்டே போயிற்று. 1902-இல் அதே டாலர் ஊருக்குப் போனபோது ஒன்றேகால் ரூபாய்கூடத் தேறவில்லை. தோட்டத்தில் அவனுடைய கூலியை எவரும் குறைக்கவில்லை. கங்காணியும் ஒரு காசு பிடிக்கவில்லை. ஆனாலும் ஊரிலிருந்த மனைவி மக்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது ஏறத்தாழப் பாதி.

நாணயத்தைச் சீர்ப்படுத்த சர் டேவிட் பார்பரின் தலைமையில் இலண்டனில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் ஆலோசனைப்படி 1903-இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று தனி டாலர் வெளியிடப்பட்டது. மெக்சிகோ டாலர்களும் பிரிட்டிஷ் வணிக டாலர்களும் திரட்டப்பட்டுப் பம்பாய்க்குக் கப்பலேறின. அங்கே உருக்கிப் புதிய டாலர்களாக அச்சிட்டு இங்கே திருப்பி அனுப்பினர். 1904-இல் பழைய டாலர்கள் செல்லாதவை ஆயின. இனி எவரும் வெள்ளியைக் கொண்டுவந்து கொடுத்து டாலர் அடித்துக்கொள்ள முடியாது. புழங்கும் டாலரின் தொகை அளவோடு நிறுத்தப்பட்டதும், டாலருக்குக் கிராக்கி ஏற்பட்டு அதன் மதிப்பு உயரத் தொடங்கியது. வெள்ளியின் விலையும் அப்போது ஏறவே உயர்வு விரைந்தது. 1906 ஜனவரியில் அரசு அந்த ஏற்றத்தை ஓரிடத்தில் நிறுத்தி ஆணி அறைந்தது: ஒரு டாலருக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 60 டாலருக்கு 7 பவுன். பணத்தின் அளவைக் கட்டுப்படுத்தினால் அதன் மதிப்பை விரும்பிய இடத்துக்குக் கொண்டுவரலாம் என்பதற்குப் பாடப் புத்தகத்தில் போடத்தக்க உதாரணம் இது. தொழிலாளியின் டாலர் ஊரில் மீண்டும் 1 ரூபாய் 12 அணா ஆயிற்று.

ஆணி அறைந்த மறு ஆண்டே ஒரு வேடிக்கை நடந்தது. வெள்ளி விலை மேலும் ஏறியதால், டாலரை உருக்கி விற்பதே இலாபம் என்ற நிலை நெருங்கியது. உடனே 1907-இல் 416 கிரெயின் எடையுள்ள டாலரை 312 கிரெயினாகக் குறைத்துவிட்டனர். காசு இளைத்தது, அதன் மதிப்பு இளைக்கவில்லை. பிறகு 1919-இல் காசை இன்னும் சிறிதாக்கி, அதிலுள்ள வெள்ளியையும் பாதியளவுக்குக் கொண்டுவந்தனர். அப்போதும் 60 டாலருக்கு 7 பவுன்தான். வெள்ளி என்ற பெயருக்கும் பொருளுக்கும் இருந்த உறவு அத்தோடு அறுந்தது. மதிப்பு இப்போது வேறிடத்தில் இருந்தது.

இலண்டன் பூட்டு

அந்த வேறிடம் இலண்டனில் இருந்த நாணயச் சேமநிதி. நோட்டு வெளியிடும் பொறுப்பு 1899 முதல் நாணயக் கமிஷனர்கள் வாரியத்திடம் இருந்தது. 1906-க்குப் பிறகு உருவாகி நிலைத்த முறை, பார்ப்பதற்கு மிகவும் எளிது. சிங்கப்பூரிலுள்ள ஒரு பாங்குக்கு 60,000 டாலர் தேவையென்றால், அது இலண்டனில் 7,000 பவுனை வாரியத்தின் கணக்கில் செலுத்த வேண்டும். செலுத்திய செய்தி வந்ததும் இங்கே 60,000 டாலர் கொடுக்கப்படும். மாறாக, டாலரை இங்கே திருப்பிக் கொடுத்தால் இலண்டனில் பவுன் கிடைக்கும். திரும்பி வந்த நோட்டுகள் புழக்கத்திலிருந்து நீங்கிவிடும். இடையில் வாரியம் வசூலிப்பது சிறு கட்டணம் மட்டுமே. இந்த இடத்தில் அதிகாரிகளின் மூளைக்கு வேலையே இல்லை. வாரியம் ஒரு காவற்காரன். பூட்டுக்குச் சாவி பவுன்.

பாங்குகளுக்குப் பவுன் எங்கிருந்து வரும்? ரப்பரும் ஈயமும் விற்று வரும். ஆகவே இந்த ஏற்பாட்டின் உட்பொருள் இதுதான்: ரப்பரும் ஈயமும் நல்ல விலைக்குப் போனால் நாட்டில் பணம் பெருகும், விலை வீழ்ந்தால் பணம் தானே வற்றும். அமெரிக்காவில் எத்தனை மோட்டார் வண்டி விற்கிறது என்பது ஜொகூரிலுள்ள மளிகைக் கடைக்காரரின் கல்லாப் பெட்டியைத் தீர்மானித்தது. 1938-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீரிணைக் குடியேற்றங்களுக்கும் மலாய் மாநிலங்களுக்கும் பொதுவான மலாயா டாலர் ஏற்பட்டபோதும் இந்த அடிப்படை மாறவில்லை.

இதன் நன்மைகளை மறுப்பதற்கில்லை. அரசு தன் கடனை அடைக்க நோட்டு அச்சிட முடியாது. டாலரின் மீது எவருக்கும் ஐயம் எழவில்லை. வெளிநாட்டு முதலாளி தைரியமாகப் பணம் போட்டார். தொழிலாளியும் அனுப்புகிற பணம் எவ்வளவு ஆகும் என்பதைத் தெரிந்துகொண்டு அனுப்பினான். (அந்தக் கணக்கும் மறுமுனையில் ஒருமுறை தவறியது. 1927-இல் இந்திய அரசு ரூபாயை 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று உயர்த்தியது. அதுவரை 1 ரூபாய் 12 அணாவாக இருந்த டாலர் ஏறத்தாழ 1 ரூபாய் 9 அணா ஆகிவிட்டது. ஒவ்வொரு டாலரிலும் 3 அணா எங்கே போயிற்று என்று கேட்ட தொழிலாளிக்கு அதைத் தோட்டத்து அலுவலகத்தில் எவரால் விளக்கியிருக்க முடியும்?)

குறை எங்கே தெரிந்தது என்றால், மந்த காலத்தில் தெரிந்தது. 1925-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஓர் இராத்தல் ரப்பர் ஒரு டாலருக்கு மேல் விற்றது. உலகப் பெருமந்தம் வந்து 1932-ஆம் ஆண்டில் அதன் விலை 7 காசு அளவுக்கு வீழ்ந்தது. ஏற்றுமதி வருமானம் சுருங்கியதும் பாங்குகள் டாலரைத் திருப்பிக் கொடுத்துப் பவுன் வாங்கின. எந்த நேரத்தில் மக்களுக்குப் பணம் மிகவும் தேவைப்பட்டதோ அந்த நேரத்தில் புழக்கத்திலிருந்த பணமும் குறைந்தது. நெருக்கடி வேளையில் பாங்குகளுக்குக் கைகொடுக்கும் மத்திய பாங்கு ஒன்று மலாயாவில் இல்லை. வட்டியை இறக்குவதற்கோ கடனைத் தளர்த்துவதற்கோ அதிகாரம் பெற்ற எவரும் இல்லை. 1931 செப்டம்பரில் பவுன் தங்கத்தைக் கைவிட்டபோது மலாயாவின் டாலரும் அதனோடு சேர்ந்து இறங்கியது. அந்த முடிவைப் பற்றி மலாயாவை எவரும் கேட்கவில்லை.

நாட்டுக்குள் பணத்தைத் தளர்த்த வழியில்லாதபோது, சரிக்கட்டுதல் முழுவதும் கூலியின் மேலும் ஆளின் மேலும் விழுந்தது. ஆண் தொழிலாளிக்கு 50 காசாக இருந்த நாட்கூலி 1930-இல் 40 காசாகவும் பின்னர் அதற்கும் கீழாகவும் வெட்டப்பட்டது. 1930 முதல் 1932 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். மலாயாவின் மந்தத்தை ரப்பர் விலையின் கதையாகவே பலர் சொல்வர். ரப்பர் விலை மலாயாவின் கையில் இல்லை என்பது மெய். ஆனால் விலை வீழ்ந்ததோடு பணமும் வற்ற வேண்டும் என்பது இயற்கையின் விதியன்று. அது மனிதர் வகுத்த சட்டம். நாணயச் சேமநிதி இலண்டனில் பெரும்பாலும் பிரிட்டிஷ் அரசுக் கடன் பத்திரங்களிலும் பேரரசின் பிற பகுதிகளின் பத்திரங்களிலும் பத்திரமாக இருந்தது. இங்கே சிறு தோட்டக்காரன் பாங்குக் கடனுக்கு வழியின்றி வட்டிக் கடைப் படியேறிக்கொண்டிருந்தான்.

வாழைமர நோட்டு

1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஜப்பானியப் படை ஆயுதத்தோடு நோட்டுக் கட்டுகளையும் கொண்டுவந்திருந்தது. டாலர் என்றே அச்சிட்ட அந்த நோட்டுகள் மலாயா டாலருக்குச் சமம் என்று அறிவிக்கப்பட்டது. பத்து டாலர் நோட்டில் குலையோடு நின்ற வாழைமரத்தைக் கண்ட மக்கள் அதனை வாழைமர நோட்டு என்றனர். இந்த நோட்டுக்குப் பின்னால் பவுனும் இல்லை, வெள்ளியும் இல்லை. பின்னால் இருந்தது துப்பாக்கி.

முதல் வேலையாக ஜப்பானியர் செய்தது பணத்தைப் பெருக்குவதன்று, பறிப்பது. மலாயாச் சீனர் 5 கோடி டாலர் "நன்கொடை" தர வேண்டும் என்று ஆணையிட்டனர். அந்நாளில் நாடு முழுதும் புழங்கிய பணத்தில் அது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. வீடு நிலம் விற்றும் 2 கோடியே 80 இலட்சம்தான் திரண்டது. மிச்சத்தை யோக்கஹாமா ஸ்பீசி பாங்கிடமே வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்ட வைத்தனர். ஜப்பானியருக்குக் கொடுக்க வேண்டியதை ஜப்பானிய பாங்கிடமே கடன் வாங்கிக் கொடுத்த விந்தை வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காது.

அதன் பின் அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கியது. படைக்கு வேண்டிய சாமான், பாதை போடும் செலவு, அதிகாரிகளின் சம்பளம் யாவும் புது நோட்டிலேயே கொடுக்கப்பட்டன. தொடக்கத்தில் வந்த நோட்டுகளில் வரிசை எண் இருந்தது. விரைவிலேயே எண் போடுவதை விட்டுவிட்டு எழுத்து மட்டும் போட்டனர். எத்தனை நோட்டு வெளியாயிற்று என்று எண்ணுகிற எண்ணமே விடைபெற்றது. தாளும் மையும் மட்டமாகிக்கொண்டே வந்தன. கள்ள நோட்டு அடிப்பவருக்கு வேலை சுலபமாயிற்று. 1945-இல் ஆயிரம் டாலர் நோட்டும் வெளிவந்தது. போர் முடிந்தபோது புழங்கிய வாழைமர நோட்டின் தொகை 700 கோடி முதல் 800 கோடி டாலர் வரை இருக்கும் என்பது மதிப்பீடு. போருக்கு முன் புழங்கிய மொத்தம் சுமார் 22 கோடி.

விலைவாசி உயர்வு முழுவதற்கும் நோட்டையே குற்றஞ்சாட்டுவது சரியாகாது. மலாயா உண்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. கப்பல் ஓடாததால் அது நின்றது. வீட்டுக் கொல்லையிலும் விளையாட்டுத் திடலிலும் மரவள்ளி நட்டு மக்கள் உயிர் வாழ்ந்தனர். அரிசி இல்லாத ஊரில் அரிசி விலை ஏறத்தான் செய்யும். ஆனால் போருக்கு முன் 5 டாலர் அளவில் விற்ற ஒரு பிக்கல் அரிசி 1945-ஆம் ஆண்டு நடுவில் 5,000 டாலருக்கு ஏறியதே, அந்த ஆயிரம் மடங்கை அரிசிப் பஞ்சம் மட்டும் உண்டாக்கவில்லை. கையில் வந்த நோட்டை மறுநாள் வரை வைத்திருக்க எவரும் விரும்பவில்லை. கிடைத்த பண்டத்தை வாங்கி வைத்தனர். வாங்கியதை வேறு பண்டத்துக்கு மாற்றினர். நோட்டு கை மாறும் வேகம் கூடக் கூட, அச்சிட்ட நோட்டின் தொகையைக் காட்டிலும் விலை விரைந்து ஓடிற்று. கடைத்தெரு வெள்ளத்தை வடிக்க 1943-இல் சிங்கப்பூரில் "கோனான் சைக்கென்" என்ற லாட்டரிச் சீட்டை நடத்தினர். சேமிப்பு இயக்கமும் நடத்தினர். ஒரு கையால் கொட்டியதை மறு கையால் அள்ளும் முயற்சி அது. கொட்டிய கைதான் வலிமையானது.

இதிலே மிகக் கொடுமையாக அடிபட்டவர் நாட்கூலிக்காரர். சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழருக்கு நாளொன்றுக்கு ஒரு டாலர் என்று சொல்லப்பட்டது. உயிரோடு திரும்பியவன் கையில் அந்த டாலர் மிஞ்சியிருந்தாலும், 1945-இல் அதைக் கொண்டு ஒரு வேளைக் கஞ்சிக்கு வேண்டிய அரிசியும் வாங்க முடியாது.

1945 செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம், வாழைமர நோட்டு செல்லாது என்று அறிவித்தது. மாற்று விகிதம் எதுவும் கொடுக்கப்படவில்லை. மூன்றரை ஆண்டு உழைப்பின் மிச்சம் ஒரே நாளில் குப்பையாயிற்று. மாறாக, மன்னர் தலை பொறித்த போருக்கு முந்திய நோட்டுகள் முழு மதிப்போடு செல்லுபடியாயின. அந்த நோட்டுகளுக்கு ஈடான பவுன் இலண்டனில் தொடப்படாமல் இருந்தது அன்றோ? முன்பு குறையாகத் தெரிந்த இலண்டன் பூட்டே இப்போது காப்பாகிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் யாருக்குக் காப்பு? பழைய நோட்டை ஒளித்துவைக்கும் அளவுக்கு வசதி இருந்தவர்க்கு. அன்றாடம் வாங்கி அன்றாடம் உண்டவன் 1942-ஆம் ஆண்டிலேயே தன் பழைய நோட்டைச் செலவழித்துவிட்டான்.

கடன் விவகாரம் இதைவிடச் சிக்கலாயிற்று. போருக்கு முன் நல்ல டாலரில் கடன் வாங்கியவர் பலர், ஆக்கிரமிப்புக் காலத்தில் வாழைமர நோட்டைக் கொண்டுவந்து கொட்டிக் கடனைத் தீர்த்துவிட்டனர். வாங்க மறுக்கவும் கடன் கொடுத்தவருக்குத் துணிவில்லை. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகளில் பல தலைமுறை முதல் இவ்வாறு காகிதமாகக் கரைந்தது. கடன்பட்ட சிறு நிலக்காரரோ அடகு மீண்டு நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டார். எவர் செய்தது நியாயம்? மூன்றாண்டு இழுபறிக்குப் பின் 1948-இல் வந்த கடனாளர் கடன்கொடுத்தோர் சட்டம், ஆக்கிரமிப்புக் காலத்து நோட்டுக்கு மாதத்துக்கு மாதம் இறங்கும் ஒரு மதிப்பு அட்டவணையை வகுத்தது. நோட்டே செல்லாது என்று சொன்ன அரசு, அந்த நோட்டால் நடந்த கொடுக்கல் வாங்கலை அழிக்க முடியாமல் பின்னோக்கி அதற்கு விலை போட வேண்டியதாயிற்று.

மீண்டும் பவுன்

போருக்குப் பின் பழைய ஏற்பாடே திரும்பியது. 1950 ஜூன் மாதம் கொரியப் போர் மூண்டது. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு டாலருக்குக் கீழே இருந்த ஓர் இராத்தல் ரப்பர், 1951 தொடக்கத்தில் 2 டாலருக்கு மேல் ஏறியது. பவுன் வந்து குவிந்தது, டாலர் பெருகியது, விலைவாசியும் ஏறியது. 1953-இல் ரப்பர் 70 காசுக்கும் கீழே இறங்கியது. எழுச்சியிலும் வீழ்ச்சியிலும் வாரியம் முன்போலவே கைகட்டி நின்றது. 1952 முதல் சரவாக், வட போர்னியோ, புருணை ஆகியவையும் இதே வாரியத்தின் கீழ் வந்துவிட்டன.

விடுதலை நெருங்கும் காலத்தில் இந்தக் கேள்வி அரசியல் கேள்வியாயிற்று. 1954-இல் வந்த உலக பாங்குக் குழு மத்திய பாங்கு ஒன்று வேண்டும் என்றது. தொடர்ந்து வாட்சனும் கெயினும் அதற்குத் திட்டம் வகுத்தனர். 1959 ஜனவரி 26-ஆம் நாள் பேங்க் நெகாரா தொடங்கப்பட்டது. ஆனால் நோட்டு வெளியிடும் உரிமை உடனே அதற்கு வரவில்லை. விடுதலை 1957-இல் வந்தது. சொந்த நோட்டு வர மேலும் பத்தாண்டு ஆயிற்று. சிங்கப்பூர் 1965-இல் பிரிந்த பிறகும் இரு நாட்டுக்கும் ஒரே நாணயம் என்ற பேச்சு நடந்து, சேமநிதியை யார் பெயரில் யார் ஆள்வது என்ற இடத்தில் 1966 ஆகஸ்டில் முறிந்தது. 1967 ஜூன் 12-ஆம் நாள் மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் தனித்தனி டாலர் வெளியிட்டன. மூன்றும் ஒன்றுக்கொன்று சமம். பழைய நோட்டும் அவற்றுக்குச் சமம். அவசரமில்லை, மெல்ல மாற்றிக்கொள்ளலாம் என்றே மக்கள் எண்ணினர்.

85 காசு

ஐந்து மாதம் சென்று, 1967 நவம்பர் 18-ஆம் நாள், பிரிட்டன் தன் பவுனின் மதிப்பை நூற்றுக்கு 14.3 பங்கு குறைத்தது. புதிய டாலர்கள் பவுனோடு இறங்கவில்லை. ஆனால் பழைய வாரியத்தின் நோட்டு சட்டப்படி பவுனோடு கட்டப்பட்டது. அதன் சேமநிதியும் பெரும்பாலும் பவுனில் இருந்தது. 60 பழைய டாலருக்கு 7 பவுன் என்ற 1906-ஆம் ஆண்டு ஆணி அதில் இன்னும் இருந்தது. பவுன் இறங்கியதும் அந்த 7 பவுனுக்குப் புதிய டாலரில் 51 டாலர் 43 காசுதான் தேறும். ஆகவே பழைய ஒரு டாலர், புதிய 85 காசு என்று அறிவிக்கப்பட்டது.

கணக்கில் பிழை இல்லை. ஆனால் முன்நாள் மாலை கடையில் சமமாக வாங்கிய இரண்டு நோட்டில் ஒன்று மறுநாள் 15 காசு குறைந்து நின்றது. பாங்குக்குப் போய்வரும் பழக்கம் உள்ளவர் ஏற்கெனவே மாற்றியிருந்தனர். பெட்டியிலும் தலையணையிலும் உண்டியலிலும் வைத்திருந்தவர்கள் கிராமத்தார், மீனவர், தோட்டத் தொழிலாளர், அங்காடிக்காரர். பழைய நோட்டே மிகுதியாகப் புழங்கிய இடங்களில் கோபம் மூண்டது. பினாங்கில் நவம்பர் 24-ஆம் நாள் கடையடைப்பு நடந்தது, அது கலவரமாகி உயிர்ச்சேதம் நேர்ந்தது, ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று 1906-இல் எழுதியவர்களில் எவரும் அறுபத்தொரு ஆண்டு கழித்துப் பினாங்குத் தெருவில் நடக்கப்போவதை எண்ணியிருக்க முடியாது.

அதன் பிறகு இரு நாடும் வெவ்வேறு வழி சென்றன. மலேசியா தன் நோட்டைப் பேங்க் நெகாராவிடம் கொடுத்தது. சிங்கப்பூர் தன் நோட்டுக்குத் தனி நாணய வாரியத்தையே வைத்துக்கொண்டது. அது 2002-இல்தான் சிங்கப்பூர் நாணய ஆணையத்தோடு இணைந்தது. பழைய முறையில் பிழை எது, நன்மை எது என்பதை இரு நாடும் வெவ்வேறாகக் கண்டன என்றே கொள்ள வேண்டும். சிங்கப்பூர் முழு ஈட்டையும் வைத்துக்கொண்டது. ஆனால் அந்த ஈடு தன் பெயரில், தன் முடிவில் இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. 1966-இல் பேச்சு முறிந்ததும் அதே இடத்தில்தான்.

மலாயாவும் பிரிட்டிஷ் போர்னியோவும் என்று அச்சிட்ட பழைய நோட்டு, 85 காசாகவே 1969 ஜனவரி 16-ஆம் நாள் வரை சட்டபூர்வ நாணயமாக இருந்தது.